வலிக்காத கட்டியைச் சும்மா அறுக்காதீங்க

எங்க மச்சானுக்குத் தொடையில ஒரு கட்டி. எலுமிச்சம்பழ அளவுல இருந்தப்பவே கேட்டேன். "வலிக்கல மாப்ள, கொழுப்புக்கட்டிதான்"னார். வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைங்கிறதுதான் எங்க ஊரு வைத்தியம்.

எட்டு மாசத்துல மாங்காய் அளவு ஆயிடுச்சு. பக்கத்து டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில ஸ்கேன் இல்ல, சதை டெஸ்ட் இல்ல, நேரா அறுத்து எடுத்துட்டாங்க. அறுத்த பிறகு வந்த ரிப்போர்ட்டுல சார்கோமான்னு இருந்தது. தசை, கொழுப்பு, நரம்பு மாதிரி மென்மையான திசுக்கள்ல வர்ற புற்றுநோய். பெரியவங்களுக்கு வர்ற புற்றுநோய்கள்ல நூத்துக்கு ஒண்ணுதான் இது.

"அபூர்வமான நோய், டாக்டர் என்ன செய்வார்?"னு கேட்பீங்க. கொழுப்புக்கட்டிதான் அதிகம், ஒத்துக்கறேன். ஆனா 5 செ.மீ.க்கு மேல இருந்தாலோ, வளர்ந்துக்கிட்டே போனாலோ, தசைக்குள்ள ஆழமா இருந்தாலோ, வலி இல்லைன்னாலும் சந்தேகப்படணும்கிறது மருத்துவத்துல பழைய பாடம். முதல்ல எம்.ஆர்.ஐ., அப்புறம் ஊசி வழியா சதை எடுத்து டெஸ்ட், நுரையீரலுக்குப் போயிருக்கான்னு நெஞ்சுக்கு சி.டி. கத்தி அதுக்கப்புறம்தான்.

கோரையை மேலாக அறுத்தா என்ன ஆகும்? கிழங்கு மண்ணுக்குள்ளயே இருக்கும். ரொட்டவேட்டர் விட்டா வயல் பூரா பரவும். இதுவும் அப்படித்தான். சுத்தி நல்ல சதையோட சேர்த்து எடுக்கணும். மச்சானுக்கு மறுபடி பெரிய ஆபரேஷன், தோல் ஒட்டு, கதிர்வீச்சு. இப்போ குச்சி ஊனித்தான் நடக்கிறார். வரப்புல இறங்கி ஒரு வருஷம் ஆச்சு.

"ஊசி குத்தினா பரவிடும்"னு பயமுறுத்துறவங்களுக்கும் சொல்றேன். ஆபரேஷன் செய்யப்போற டாக்டரே ஊசி எந்த வழியா போகணும்னு முடிவு பண்ணணும். பிறகு அந்த வழியையும் சேர்த்தே எடுத்துடுவாங்க. முறையா செஞ்சா பயம் தேவையில்லை. முறையில்லாத கத்திக்குத்தான் பயப்படணும்.

"கேன்சர்னா காலையே எடுத்துடுவாங்க"ன்னும் ஓடாதீங்க. காலை எடுத்தவங்களுக்கும், காலைக் காப்பாத்திக் கதிர்வீச்சு கொடுத்தவங்களுக்கும் ஆயுசுல வித்தியாசம் இல்லைன்னு அமெரிக்க ஆய்வு 1982லேயே காட்டிடுச்சு. நம்ம அடையாறு புற்றுநோய் மையம் 1954லேர்ந்து இருக்கு. வழி இருக்கு, அங்க முதல்லயே போகணும், அவ்வளவுதான்.

மண்ணை டெஸ்ட் பண்ணாம உரம் போடாதேன்னு எங்களுக்குப் பாடம் எடுக்கறாங்க. மனுசன் சதைக்கு அந்த மரியாதைகூட வேண்டாமா?

பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்க. பெரியப்பாவோ சித்தியோ கையைக் காட்டி "கட்டி மாதிரி இருக்கு கண்ணு"ன்னா, "ஒண்ணுமில்லை"ன்னு சொல்லிட்டுக் காரை எடுத்துடாதீங்க. "டெஸ்ட் எடுத்தாச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்த வார்த்தையை நான் மச்சான்கிட்ட கேட்கலை.