பேட்டரிக்கு ஒரு பந்தி

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலை வண்டியில் ஏறி செல்ஃபை அமுக்கினால், 'டக்... டக்...' என்று விக்கல். ஹாரன், சளி பிடித்த ஆடு மாதிரி கனைத்தது. கிக்கர் இல்லாத வண்டி. என்ன செய்ய? பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்குத் தெருமுனைக் கடையில் கொடுத்தேன்.

"அண்ணே, சாயங்காலம் கிடைக்குமா?"

"சாயங்காலம் எதுக்கு சார்? மதியம் ஒரு மணிக்கே வாங்க!"

என்ன நல்ல மனுஷன்! பஸ் பிடித்து, ஆபீஸில் லேட் மார்க் வாங்கி, ஒரு மணிக்கு ஓடி வந்து பார்த்தால்... என் பேட்டரி, கல்யாண விருந்து சாப்பிட்ட மாமா வயிறு மாதிரி உப்பிக் கிடக்கிறது! வாங்கி எட்டு மாசம்தான். வாரண்டி கார்டை நீட்டினேன். உப்பினதுக்குக் கிடையாதாம். ஆயிரத்துச் சொச்சம் அம்பேல்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கார் பேட்டரிகளோடு என்னுடையதையும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கோத்திருந்தார். அப்படிக் கோத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட்தான் பாயும். பெரியவருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே கரண்டியில் பரிமாறுகிற பந்தி!

நான் பி.காம்.; கணக்குப் போட்டேன். சாதா லெட்-ஆசிட் பேட்டரிக்குப் பத்தில் ஒன்று என்பது பாதுகாப்பான அளவு. 35 ஆம்பியர் ஹவர் கார் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர். என்னுடையது 4 ஆம்பியர் ஹவர், அதற்கு 0.4 போதும். வாங்கியது 3.5! நாலு மணி நேரத்தில் 14 ஆம்பியர் ஹவர். நாலு லிட்டர் குடத்தில் பதினாலு லிட்டர்!

மிச்ச கரண்ட், உள்ளே இருக்கிற தண்ணீரை வாயுவாக்கிவிடும். மூடி உள்ள பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம். சீல் வைத்ததில் எங்கே ஊற்றுவது? அதன் மேல் சார்ஜ் அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் வேதவாக்கு. தொட்டால் சுடுகிறதா? உடனே நிறுத்திவிடுங்கள்.

அந்த வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது. பக்கத்தில் சிகரெட் வேண்டாம். ஒரு சின்னப் பொறி போதும், ஆசிட் கண்ணில் தெறிக்கும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கிளிப்பை மாட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறீர்களா? லித்தியத்துக்கு இந்தப் பத்தில் ஒன்று கணக்கு செல்லாது. வண்டியோடு வந்த சார்ஜர்தான் அதற்கு வாழ்க்கைத் துணை. பக்கத்து வீட்டு சார்ஜரின் பின் பொருந்தலாம், வோல்ட் பொருந்தாது. ஒரு பொருத்தத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் பண்ணுவார்களா? ஓட்டி வந்த சூட்டோடு செருகவும் வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்.

போன மாசம் நண்பனின் பைக் பேட்டரியோடு அதே கடைக்குப் போனேன்.

"அண்ணே, எத்தனை ஆம்பியர்ல ஏத்துவீங்க? தனியாவா, வரிசையிலயா?"

ஏற இறங்கப் பார்த்தார். "தனியாவே போட்டுடறேன். காலைல வாங்க. சார் என்ன, எலெக்ட்ரிகல் இன்ஜினீயரா?"

"இல்லண்ணே, பழைய கஸ்டமர்!"