வாத்தியக்காரருக்குக் கூலி எங்கே?

"கலைக்கு விலை ஏது?" என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள் பிரமுகர்கள். விலை இல்லையாம்! அதனால்தான் போலும், நாற்பது வருஷம் கிளாரினெட் ஊதிய பெரியவரை மேடைக்கு அழைத்து, ஒரு சால்வையைப் போர்த்தி, ஒரு போட்டோ பிடித்து, பஸ் சார்ஜ் கூடக் கொடுக்காமல் அனுப்பி வைக்கிறார்கள். சால்வையை வாங்கிக்கொண்டு அரிசி அளந்து போடும் கடை அரக்கோணத்தில் ஒன்றும் இல்லை. நாம் அறிந்தவரை திருத்தணியிலும் இல்லை.

பேண்டு செட்டில் வயதாகிப்போன வாத்தியக்காரர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். மாப்பிள்ளை அழைப்பு, சாவு, அம்மன் கோயில் கூழ் வார்ப்பு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி என்று எதற்கும் இவர்கள் வேண்டும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டிலும், ரயில்வே காலனிகளின் நடனக் கூடங்களிலும் ஒலித்தவை. இன்று அவை ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால், தெருப்புழுதியில் நடந்து போகின்றன. நகரி, புத்தூர்ப் பக்கம் கல்யாணமென்றால் தெலுங்குப் பாட்டும் வாசித்தாக வேண்டும். திருத்தணியை 1960 ஏப்ரல் 1-ல் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்து எல்லை போட்டார்கள். பாட்டுக்கு யார் எல்லை போட்டார்கள்?

இந்த மனிதர்களின் கூலிக் கணக்கைப் பாருங்கள். ஓர் ஊர்வலத்துக்கு 15,000 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். மாஸ்டர் நீங்கலாக ஆள் பத்து. தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு கிடைக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. வேன் வாடகை, லைட்டுச் செலவு, உடுப்பு வாடகை, வேலை பிடித்துக் கொடுத்த புரோக்கருக்குக் கமிஷன், மாஸ்டர் பங்கு எல்லாம் கழித்தால் 9,000 நிற்கிறது. முன்னணி டிரம்பெட்டுக்கும் பாடகருக்கும் இரண்டாயிரம் வீதம் போனால், மீதி எட்டுப் பேருக்கு 5,000. தலைக்கு 625 ரூபாய். மாலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, நள்ளிரவுக்குப் பிறகு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்து, விடியற்காலை முதல் ரயிலில் வந்து சேருகிறவருக்கு இது. மாஸ்டர் ஒன்றும் பெரிய முதலாளி அல்ல; கடன் வாங்கி வாத்தியம் சேர்த்தவர்கள்தான் அவர்களில் பலர். ஆனால் கடனின் சுமை கடைசி வரிசைக் கிழவரின் முதுகில் வந்து விடிகிறது.

அந்த 625-ம் வருஷம் பூராவும் வருகிறதா? மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கோயில் கூப்பிட்டால் உண்டு. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாள் பார்த்துத்தான் அடுப்பு எரியும். 2020 மார்ச்சில் நாடு முழுவதையும் பூட்டினார்களே, அப்போது கல்யாணத்துக்கு ஐம்பது பேர், சாவுக்கு இருபது பேர் என்று உத்தரவு வந்தது. அந்த இருபதில் வாத்தியக்காரருக்கு ஏது இடம்? நலவாரியத்தில் பதிந்தவர்களுக்குச் சர்க்கார் ஆயிரம் ரூபாய் கொடுத்தது. பதியாதவர்கள் வாத்தியத்தை அடகு வைத்தார்கள்.

இனி "குவாட்டர்" விஷயம். கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு, "ராத்திரி குவாட்டர் உண்டு பெரியவரே" என்று முதுகில் தட்டுகிறார்கள். இது தாராளமா? 2003 முதல் மதுச் சில்லறை வியாபாரத்தை நடத்துவது டாஸ்மாக் என்ற சர்க்கார் கம்பெனி. கூலியில் ஒரு பகுதி பாட்டிலாக மாறினால், அந்தப் பணம் வாத்தியக்காரரின் வீட்டு வாசலை மிதிக்காமலே கஜானாவுக்குப் போய்விடுகிறது. கூலிக்குப் பதில் சரக்கைத் தள்ளிவிடும் இந்தத் தந்திரம் பழைய ஆலை முதலாளிகள் கண்டுபிடித்தது. இங்கிலாந்தில் 1831-லேயே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், கூலியைப் பணமாகவே கொடு என்று சொன்னது. மில் தொழிலாளிக்குக் கூலிக்குப் பதில் பாட்டிலைக் கொடுத்துப் பாருங்கள், கேட்டில் கொடி ஏறிவிடும். வாத்தியக்காரருக்குக் கொடுத்தால் மட்டும் அது உபசாரமாம்!

"அவர் தொழிலாளியா? அவர் கலைஞர் அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். மார்க்ஸ் 1860-களில் எழுதிய குறிப்புகளில் ஒரு பாடகியை உதாரணம் காட்டுகிறார். குயில் போலத் தன்னிஷ்டத்துக்குப் பாடினால் ஒரு கணக்கு. பாட்டை விற்றுப் பிழைத்தால் வேறு கணக்கு. ஒரு முதலாளி லாபத்துக்காக அவளைக் கூலிக்கு அமர்த்திப் பாட வைத்தால், முதலாளிக்கு மூலதனத்தைப் பெருக்கித் தரும் தொழிலாளி அவள். மண்டபக்காரரும் புரோக்கரும் "பேண்டு செட்டோடு பேக்கேஜ்" என்று விலை கூறி விற்கும் இந்நாளில் இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

உடம்பைப் பாருங்கள். நெசவுக்காரருக்குக் கண் எப்படியோ, கதிர் அறுப்பவருக்கு இடுப்பு எப்படியோ, அப்படி டிரம்பெட்காரருக்கு முன்பல். ஊதும் காற்று உதட்டில் நின்று நாதமாக வேண்டுமானால் பின்னால் பல் தாங்க வேண்டும். பல் ஆடினால் சுருதி ஆடும். பல் விழுந்தால் தொழில் விழுந்தது. கட்டுப்பல் கட்டிக்கொண்டு மறுபடி உதடு பழக மாதக்கணக்கில் ஆகும்; அதுவரை யார் சோறு போடுவது? கிளாரினெட்காரர் கீழ் உதட்டைப் பல்லுக்கும் நாணல் சீவாளிக்கும் இடையில் கொடுத்து வாசிக்கிறார். இரவு முழுக்க வாசித்தால் உள்ளுதடு புண்ணாகிவிடும், காலையில் காரம் தின்ன முடியாது. பக்கத்தில் அலறும் ஒலிபெருக்கி காதைத் தின்கிறது. மில்லில் பஞ்சு நெஞ்சைத் தின்றால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்று ஒன்றாவது உண்டு. 1952-ல் பிராவிடண்ட் பண்டுச் சட்டம் வந்தது, 1972-ல் கிராஜுவிட்டிச் சட்டம் வந்தது. போராடி வாங்கியவை. பல் போன டிரம்பெட்காரருக்கு மிஞ்சுவது ஜால்ராதான். அதைத் தட்டிக்கொண்டு வரிசையின் வாலில் நடக்கிறார், அரைக் கூலிக்கு.

உதவித்தொகை இல்லையா என்றால், இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் மூலம் மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தார்கள். நாளைக்கு நூறு ரூபாய். 2024-25-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 319. நூறு நாள் வேலையின் கூலி வயிற்றுக்குப் போதாது என்று விவசாயத் தொழிலாளர்கள் சொல்வது நியாயம். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கிழவரிடம் நீட்டிவிட்டு, அதற்கும் மனு, சிபாரிசு, சான்றிதழ் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைய விடுகிறார்கள்.

வாத்தியத்தில் தாழ்வு இருக்கிறதா? அதே கிளாரினெட்டைத் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாசித்தார், 2008-ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் கொடுத்தது, 2022-ல் பத்மஸ்ரீ வந்தது. அவருக்குத் தகும். சபாவில் ஏறிய கிளாரினெட்டுக்குக் கிரீடம் வைத்தவர்கள், தெருவில் வரும் கிளாரினெட்டை "யோவ் பீப்பீ, குத்துப் பாட்டுப் போடு!" என்று பேரன் வயதுப் பையன் அதட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பேண்டுக்காரர்களில் மிகப் பலர் சேரியிலிருந்து வந்தவர்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின், பின்கட்டில் இலை போடும் ஊர்கள் இன்னும் உண்டு. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் அந்நாளில் ஒரு கல்யாண ஊர்வலம். நாதஸ்வரம் வாசித்த சிவக்கொழுந்து வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். எடு என்றார்கள் பெரிய மனிதர்கள். எடுக்காதே, வாசி என்றார் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. துண்டு தோளில் நின்றது. துண்டுக்கு வாதாட ஆள் வந்த நாட்டில் கூலிக்கு வாதாட ஆள் வேண்டாமா?

"டி.ஜே. வந்துவிட்டது, இனி பேண்டு எதற்கு?" என்பது கடைசி வாதம். மிஷினை நாம் பகைக்கவில்லை. மிஷின் தரும் லாபம் யாருக்கு என்றுதான் கேட்கிறோம். அமெரிக்காவில் மதுக்கடைகளிலும் ஓட்டல்களிலும் இசைக்குழுக்கள் வாசித்த இடத்தில், காசு போட்டால் பாடும் பெட்டி வந்து உட்கார்ந்தது. வாத்தியக்காரர்கள் வாசித்துப் பதிந்த தட்டே வாத்தியக்காரர்களின் சோற்றைப் பறித்தது. பெட்ரில்லோ தலைமையில் அவர்களுடைய சங்கம் 1942 ஆகஸ்டு 1 முதல் இசைத்தட்டுக்கு வாசிக்க மறுத்தது. யுத்த காலத்தில் வேலைநிறுத்தமா என்று பத்திரிகைகள் ஏசின. சங்கம் அசையவில்லை. 1944 நவம்பரில் கடைசிப் பெரிய கம்பெனிகளும் பணிந்தன. விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று, வேலையிழந்த கலைஞர்களுக்கான நிதிக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டன.

அமெரிக்கா தூரம் என்றால் கோடம்பாக்கம் அரக்கோணத்திலிருந்து ஒரு ரயில் தூரம். சினிமா வாத்தியக்காரர்களை அங்கே சங்கமாகத் திரட்டியவர்களில் முன்னே நின்றவர் இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன், மார்க்ஸியவாதி, 1988-ல் மறைந்தார். பெரிய பெரிய புரொட்யூசர்களிடமே கேட்டு வாங்க முடிந்ததை மண்டபக்காரரிடம் கேட்க முடியாதா?

தோழர்களே, மண்டபக்காரரோடு விஷயம் தீரவில்லை. பேண்டு செட்டை அழைப்பவர்களில் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் உண்டு. போனஸுக்காக மூன்று வாரம் கேட்டில் உட்கார்ந்த ஆள், மகள் கல்யாணத்தில் பேண்டுக்காரரிடம் "ஐந்நூறு குறைத்துக்கொள்" என்று மல்லுக்கு நிற்பது நன்றாகவா இருக்கிறது? கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால், நேரத்தைக் குறைத்துப் பேசுங்கள். ஆளின் கூலியைக் குறைக்காதீர்கள்.

பேண்டு செட்டுக்காரர்கள் ஊருக்கு ஊர் சங்கம் சேர வேண்டும். இவ்வளவு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஆள்வாரியாக ரேட்டு எழுதி வைக்க வேண்டும். கூலி அன்றிரவே, பணமாக, அவரவர் கையில். ரயில் சார்ஜ் தனி. பந்தியில் மற்றவர்களோடு இலை. அறுபது தாண்டியவருக்கு உதவித்தொகை நூறு நாள் கூலிக்காவது சமமாக உயர வேண்டும். பல் கட்டும் செலவை வாரியம் ஏற்க வேண்டும். இதற்கு மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

தை பிறந்தால் முகூர்த்தம் துவங்கிவிடும். அட்வான்ஸ் வாங்க மாஸ்டர் வீட்டுக்கு வரும்போது, கிளாரினெட் வாசிக்கும் பெரியவருக்கு இதில் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையை ஊர்வலம் முடிந்ததும் அவர் கையிலேயே எண்ணிக் கொடுங்கள்.