பேட்டரிக்கும் ஒரு ரேங்க் கார்டு வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவுதான். வாத்தியார் பேச ஆரம்பித்தால் பெல் அடித்தாலும் நிறுத்தமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஊரில் அப்பா அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வெளியூரில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எங்கள் பெரியக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். வயது 74. ஒண்டிப்புதூரில் தனியாக இருக்கிறார். மகன் பெங்களூரில், மகள் துபாயில். மூன்று வருடத்துக்கு முன்னால் மகன் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு போன்தான் அவருக்கு எல்லாம். பேரனைப் பார்ப்பது, கேஸ் புக் பண்ணுவது, பேங்க் மெசேஜ் பார்ப்பது, ராத்திரி தூக்கம் வராவிட்டால் பழைய பாட்டுக் கேட்பது எல்லாமே அதில்தான்.

போன ஐப்பசி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். போன் கழுத்தில் மாட்டியிருந்த சின்னப் பையிலேயே இருந்தது. எடுத்து என் நம்பரைத் தொட்டிருக்கிறார். ஒருதரம் மணி போனது போலிருந்தது, உடனே திரை அணைந்துவிட்டது. அப்புறம் எவ்வளவு அமுக்கியும் உயிர் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதுவரை ஒன்றரை மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். கடவுள் புண்ணியத்தில் எலும்பு எதுவும் முறியவில்லை.

அன்றைக்கு ராத்திரி அக்காவுக்கு ஆறுதலை விடத் திட்டுதான் அதிகம் விழுந்தது. "எத்தனை தடவைம்மா சொல்றது, சார்ஜ் போட்டு வைன்னு" என்று மகன் சத்தம் போட்டான். மகள் அழுதுகொண்டே அதையே சொன்னாள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "ஏனுங்க்கா, ஒரு வயரைச் சொருகறது அவ்வளவு பெரிய வேலையா?" என்று கேட்டேன்.

"மத்தியானம் போட்டனே சாமி. முப்பத்தஞ்சு காட்டுச்சே" என்றார் அக்கா.

ஒருத்தரும் நம்பவில்லை. வயசாகிவிட்டது, மறதி என்று முடிவு கட்டிவிட்டோம். முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்திய நான், தாளைப் பிரித்தே பார்க்காமல் அக்காவுக்கு முட்டை மார்க் போட்டேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த உறுத்தல்தான்.

இரண்டு நாள் கழித்து அக்காவிடம் என் பழைய போனைக் கொடுத்துவிட்டு, அவருடையதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். 100 வரை சார்ஜ் ஏற்றினேன். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்தது. வீடியோ கால் போட்டேன். 41 காட்டிய போன், அடுத்த நிமிடம் 28 காட்டியது. அதற்கடுத்த நிமிடம் அணைந்தேவிட்டது. அக்கா சொன்னது அத்தனையும் நிஜம்.

இது எப்படி என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சிங்காநல்லூர் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரை தொடத் தண்ணீர் நின்றால் குளம் நிறைந்துவிட்டது என்போம். ஆனால் அடியில் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியுமா? தூர் வாராத குளமும் நிறைந்த மாதிரிதான் தெரியும். போன் திரையில் காட்டும் 100 என்பது கரை தொட்ட தண்ணீர். அடியில் எவ்வளவு ஆழம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் பேட்டரி ஹெல்த், அதாவது பேட்டரியின் ஆரோக்கியம். முதலாவதை எல்லா போனும் காட்டுகிறது. இரண்டாவதைப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் போன்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட மூன்று பேருக்கு 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97! ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே கொஞ்சம் லித்தியம் ஒரு படலமாகப் படிந்து, வேலைக்கு உதவாமல் போய்விடுகிறது. சூடு இதை வேகப்படுத்தும். மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று என்று கணக்கு. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுற்று. ஏறக்குறைய 500 சுற்றுகளில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது ரொம்ப நாளாகச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. இப்போது வரும் சில போன்கள் இதைவிட அதிகம் தாங்கும். தினம் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருடத்திலேயே 500 தாண்டிவிடும்.

பழைய பேட்டரிக்கு இன்னொரு குறையும் உண்டு. உள்ளே மின்தடை கூடிவிடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் பெரிய மோட்டாரைப் போட்டதும் ஏர் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதே மாதிரி. சும்மா கிடக்கும்போது 35 காட்டும். கால் போட்டு அதிக மின்சாரம் இழுத்ததும் பொசுக்கென்று அணைந்துவிடும். அவசரத்துக்கு எடுக்கும் நேரத்தில்தான் கைவிடும் என்பதுதான் இதில் கொடுமை.

சரி, எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி என்ற பகுதியைத் திறந்து, பேட்டரி ஹெல்த் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சில புதிய போன்களில் சதவீதமாகவே காட்டும். கூகுள் பிக்சல் 8ஏ முதல் வந்த மாடல்களில் இது உண்டு. சாம்சங் போன் என்றால் சாம்சங் மெம்பர்ஸ் செயலியில் போனைப் பரிசோதிக்கும் பகுதி இருக்கிறது. அதில் பேட்டரி நிலையும் தெரியும்.

இரண்டும் இல்லையென்றால் அக்யூபேட்டரி என்ற செயலியை பிளே ஸ்டோரில் இருந்து போட்டுக்கொள்ளலாம். போட்டவுடன் விடை வராது. 20க்குக் கீழே இறங்கிய பிறகு சார்ஜ் போட்டு 90, 100 வரை ஏற்றுங்கள். அப்படி நாலைந்து முறை ஏற்றினால்தான் கணக்கு ஓரளவு சரியாக வரும். அக்காவின் போனில் பத்து நாள் பார்த்தேன். கம்பெனி சொன்ன கொள்ளளவு 5000 மில்லி ஆம்பியர் மணி. செயலி கணித்தது 2950. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் மனக்கணக்காகப் போடுங்கள் பார்ப்போம். ஆமாம், 59 சதவீதம். இது தோராயம்தான், ஐந்தாறு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 80க்குக் கீழே போனாலே பேட்டரி மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 59க்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. *#*#4636#*#* என்று டயல் செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எல்லா போனிலும் அது வேலை செய்யாது. வேலை செய்தாலும் பலவற்றில் பேட்டரி பகுதியே இருக்காது. சில செயலிகள் 'பேட்டரி ஹெல்த்: குட்' என்று காட்டும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், இந்த நிமிடம் பேட்டரி அதிகமாகச் சூடாகவில்லை, மின்னழுத்தம் எல்லை தாண்டவில்லை என்பதுதான். கொள்ளளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்காவின் 59 மார்க் பேட்டரியும் 'குட்' என்றுதான் காட்டியது. 'பேட்டரி டாக்டர்', 'பேட்டரி பூஸ்டர்' என்று விளம்பரமாகக் கொட்டும் செயலிகள் பக்கமே போகாதீர்கள்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன்.

2007 ஆகஸ்ட் மாதம் ஞாபகம் இருக்கிறதா? நோக்கியா போனில் வரும் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகம் சூடாகக்கூடும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. மட்சுஷிட்டா என்ற ஜப்பான் நிறுவனம் தயாரித்த பேட்டரிகள் அவை. எங்கள் பள்ளி ஆசிரியர் ஓய்வறையில் அத்தனை பேரும் போனின் முதுகைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 26 எழுத்து நம்பரைப் படித்துக்கொண்டிருந்தோம். நம்பர் அந்தப் பட்டியலில் இருந்தால் இலவசமாக வேறு பேட்டரி. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பேட்டரி நம் கையில் இருந்தது. கட்டை விரல் நகத்தால் மூடியைத் திறந்தோம், நாமே பார்த்தோம், நாமே மாற்றினோம்.

இன்றைக்கு அந்த மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். தண்ணீர் புகாமல் இருக்க, மெலிதாக இருக்க என்று காரணம் சொல்கிறார்கள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூடியை ஒட்டியவர்கள், உள்ளே இருப்பதன் நிலையையாவது திரையில் எழுதிக் காட்ட வேண்டாமா? போனுக்குள் இருக்கும் கணக்கு போனுக்குத் தெரிகிறது, கம்பெனிக்குத் தெரிகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் தெரியவில்லை. தெரியாததால் என்ன ஆகிறது? கடைக்காரர் "புதுசு வாங்கிக்கங்க" என்கிறார், பிள்ளைகள் "அம்மாவுக்கு மறதி" என்கிறார்கள்.

ஒரு பையன் படிப்பில் பின்தங்கினால் ரேங்க் கார்டில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வோம். எந்தப் பாடத்தில் குறை என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? ரேங்க் கார்டே கொடுக்காமல் பையனைப் பள்ளியை விட்டு அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா?

இது பேராசையான கோரிக்கை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். எத்தனை சுற்று ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எவ்வளவு என்பதை வாங்கியவர் பார்க்கும்படி வைக்கவும் வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. போன் போன்ற பொருட்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு, அதாவது எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடும் முறை பற்றி ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் என் ஆசை இன்னும் சின்னது. விலை ஏழாயிரமோ எழுபதாயிரமோ, ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸைத் திறந்ததும் கண்ணில் படும்படி, தமிழில், 'உங்கள் பேட்டரியின் ஆரோக்கியம் இவ்வளவு' என்று ஒரே ஒரு வரி. இதைச் சட்டமாக்கினால் என்ன?

"போன் பழசானால் மாற்ற வேண்டியதுதானே மாமா" என்று மருமகப்பிள்ளைகள் கேட்பீர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் பேங்க் வேலை பார்ப்பது நல்லதில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த மாதிரி என்றால் மாற்றுங்கள். ஆனால் அக்காவுக்கு அந்த போனில் எந்தப் படத்தைத் தொட்டால் பேரன் வருவான் என்று விரலுக்கே தெரியும். புதுப் போன் என்றால் அவருக்கு மறுபடி அ, ஆவில் இருந்து ஆரம்பம். பேட்டரி மட்டும் போயிருக்கும்போது முழு போனையும் மாற்றுவது, பல்ப் போனதற்கு வீட்டை இடிப்பது போல.

என்னிடம் படித்த ஒரு பையன் சிங்காநல்லூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். போனைப் பார்த்ததுமே, "பேட்டரிதானுங்க சார் போச்சு. முதுகு லேசா உப்பியிருக்குது பாருங்க. இதுக்கு மேல சார்ஜே போடாதீங்க" என்றான். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. உப்பிய பேட்டரி ஆபத்து. அமுக்கக்கூடாது, குத்தக்கூடாது, குப்பையில் போடக்கூடாது. ஒரிஜினல் பேட்டரி வரவழைத்து, பில்லோடு மாற்றிக் கொடுத்தான். ஆயிரத்து நானூறு ரூபாய். பழைய பேட்டரியை மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கடையிலேயே கொடுத்துவிட்டேன்.

போனை எடுத்துக்கொண்டு ஒண்டிப்புதூர் போனேன். "அக்கா, நீங்க சார்ஜ் போட்டது நெசம்தானுங்க. தப்பு போன் மேலதான். நாந்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றேன். அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதை உன்ற மருமகங்கிட்டச் சொல்லு சாமி. அவன்தான் எனக்கு மறதின்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிட்டிருக்கறான்" என்றார். அங்கேயே உட்கார்ந்து பெங்களூருக்கு வீடியோ கால் போட்டோம். இருபது நிமிடம் பேசினோம். போன் அணையவில்லை.

கடைசியாக வீட்டுப்பாடம். இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, அப்பா அம்மாவுக்கு பி.பி., சுகர் பார்க்கிற மாதிரி அவர்கள் போனின் பேட்டரியையும் பாருங்கள். 40, 50 சதவீதம் இருக்கும்போது ஒரு வீடியோ கால் போட்டு, தாக்குப்பிடிக்கிறதா என்று சோதியுங்கள். பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். என்ன வந்தது என்று இங்கே கமெண்டில் எழுதுங்கள். யார் யார் செய்தீர்கள் என்று நான் அட்டெண்டன்ஸ் எடுப்பேன்.

அதுவரை, "சார்ஜ் போட்டேன்" என்று பெரியவர்கள் சொன்னால் நம்புங்கள்.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
சிங்காநல்லூர்.