செத்த ஓநாய் திரும்பி வரலாமா?

ஒரு பயங்கர நாவல் முடிகிறது. கொடியவர்கள் நெருப்பில் மாண்டு போகிறார்கள். கதாநாயகி உயிர் தப்பி விடுகிறாள். படித்தவர் புத்தகத்தை மூடுகிறார். "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டு, விளக்கை அணைத்துப் படுக்கிறார்.

இரண்டு ஆண்டு சென்றதும் அதே ஆசிரியர், செத்தவர்கள் சாகவில்லை என்று சொல்லி இன்னொரு புத்தகத்தை நீட்டினால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது.

கேரி பிராண்ட்னர் என்பவர் அமெரிக்க எழுத்தாளர். 1930-ல் பிறந்தவர். 2013-ல் காலமானார். 1977-ம் ஆண்டில் அவர் "தி ஹவ்லிங்" என்ற நாவலை எழுதினார். "ஊளை" என்று பொருள். அது நன்றாக ஓடியது. 1979-ல் இரண்டாம் பாகம் வெளிவந்தது.

அந்த இரண்டாம் பாகம் தேவையா, இல்லையா? இந்த வழக்கு வாசகர்களிடையே இன்னும் தீரவில்லை.

மனித ஓநாய்

பகலில் மனிதன். இரவில் ஓநாய். இதுதான் மனித ஓநாய்.

இந்த நம்பிக்கை மிகப் பழையது. லைக்கான் என்ற அரசன் கடவுளுக்கே நர மாமிசத்தைப் பரிமாறினான் என்றும், அதற்குத் தண்டனையாக ஓநாயாக மாற்றப்பட்டான் என்றும் கிரேக்கர்கள் கதை சொன்னார்கள். பிறகு ஐரோப்பா முழுவதும் இத்தகைய கதைகள் பரவின.

மனித ஓநாயைச் சாதாரணத் துப்பாக்கிக் குண்டு கொல்லாது. வெள்ளியால் செய்த குண்டுதான் கொல்லும். இந்தக் கதைகளில் இது ஒரு சட்டம்.

முதல் கதை

முதல் நாவலின் கதாநாயகி பெயர் கேரின். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வசிப்பவள். ஒரு நாள் அவள் வீட்டுக்குள் ஒரு கயவன் புகுந்து, அவளுக்குப் பெரும் கொடுமை செய்து விடுகிறான். அவள் மனம் உடைந்து போகிறது.

மனைவியின் மனம் ஆறட்டும் என்று கணவன் ராய் அவளை அழைத்துக் கொண்டு மலைப்பகுதியில் உள்ள டிராகோ என்ற சிற்றூருக்குப் போகிறான். ஓய்வு தேடிப் போன இடத்தில் இரவில் ஊளைச் சத்தம் கேட்கிறது.

அந்த ஊரில் மார்சியா என்ற பெண் இருக்கிறாள். ராய் அவள் வலையில் விழுகிறான். அவள் மனித ஓநாய். ராயும் ஓநாயாகி விடுகிறான். கடைசியில் ஊர் தீப்பற்றி எரிகிறது. கேரின் தப்பிக்கிறாள்.

கதை முடிந்தது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு

இரண்டாம் பாகத்தில் மூன்று வருடம் ஓடி விட்டது. கேரின் சியாட்டில் நகரில் இருக்கிறாள். மறுமணம் செய்து கொண்டாள். புதுக் கணவன் பெயர் டேவிட். அவனுக்கு முதல் தாரத்தில் ஜோயி என்று ஒரு பையன். கேரின் அந்தப் பையனுக்குத் தாயாக வாழ்கிறாள்.

ஆனால் இரவில் அவளுக்கு நிம்மதி இல்லை. கெட்ட கனவுகள் வருகின்றன. மனநோய் மருத்துவரிடம் போய் வருகிறாள்.

டிராகோவில் செத்தார்கள் என்று நினைத்த ராயும் மார்சியாவும் சாகவில்லை! பழி வாங்க வருகிறார்கள். கேரின் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் கொல்லப்படுகிறாள். கேரின் மெக்சிகோவுக்கு ஓடுகிறாள். ஓநாய்களும் பின்தொடர்கின்றன.

ஒரு கட்சி

"இது ஏமாற்று வேலை" என்பது வாசகர்களில் ஒரு கட்சி.

வெள்ளிக் குண்டு பட்டால் ஓநாய் சாகும் என்று முதல் நாவல் சொன்னது. வாசகர் நம்பினார். இரண்டாம் நாவலிலோ, வெள்ளிக் குண்டு பட்ட மார்சியா உயிரோடு நிற்கிறாள். போட்ட சட்டத்தை ஆசிரியரே மீறலாமா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மனிதன் ஓநாயாக மாறுவான் என்றால் வாசகர் ஒப்புக் கொள்கிறார். அது கதைக்காக அவர் கொடுக்கும் சலுகை. ஆனால் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றினால் அவர் ஒப்ப மாட்டார். சட்டம் இல்லாத பயங்கரக் கதையில் பயமும் இருக்காது.

ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால் மார்சியாவை அவர் முழுசாகத் திருப்பிக் கொண்டு வரவில்லை. குண்டு பட்டதன் பலனாக, அவளால் பழையபடி முழு ஓநாயாக மாற முடிவதில்லை. பாதி பெண், பாதி ஓநாய் என்று தவிக்கிறாள். ஆகவே சட்டம் வளைந்தது, அடியோடு முறியவில்லை.

செத்தவர்களை எழுப்புவது இவர் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. 1941-ல் "தி உல்ஃப் மேன்" என்ற அமெரிக்க சினிமா வந்தது. அதில் மனித ஓநாயான கதாநாயகன் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் அடிபட்டுச் செத்தான். 1943-ல் வந்த அடுத்த படத்தில், திருடர்கள் கல்லறையைத் திறக்கிறார்கள். நிலா வெளிச்சம் பட்டதும் பிணம் எழுந்து விடுகிறது! படம் நன்றாக ஓடினால் பிணத்துக்கு ஓய்வு கிடையாது.

யார்? எப்போது?

"முதல் பாகத்தின் பயம் இரண்டாம் பாகத்தில் இல்லை" என்பது இன்னொரு புகார். இதுதான் உண்மையான குறை.

முதல் கதையில் வாசகர் மனதில் இருந்த கேள்வி: "யார் ஓநாய்?" ஊரில் எவரைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தது. சிரித்துப் பேசும் முகமும் பயமுறுத்தியது.

இரண்டாம் கதையில் அந்தக் கேள்வி போய் விட்டது. ராயும் மார்சியாவும்தான் என்று முன்பே தெரியும். "எப்போது வருவார்கள்?" என்பது மட்டும் மிச்சம். ஆகவே அது மர்மக் கதையாக இல்லை. துரத்தும் கதையாகி விட்டது. ஒரே மூச்சில் படிக்கலாம். ஆனால் படித்து முடித்த பிறகு ஜன்னலைச் சாத்தத் தோன்றாது.

சினிமாவால் வந்த குழப்பமும் உண்டு. முதல் நாவல் 1981-ல் படமானது. அதில் கதாநாயகி டெலிவிஷனில் செய்தி தருபவள். 1985-ல் வந்த இரண்டாவது படத்தில் பிராண்ட்னருக்கும் திரைக்கதையில் பங்கு உண்டு. ஆனாலும் கதை அவருடைய இரண்டாம் நாவல் அல்ல. படத்தைப் பார்த்துவிட்டு நாவலை வாங்கியவர்கள் வேறு கதை இருப்பதைக் கண்டு விழித்தார்கள்.

மறு கட்சி

இவ்வளவு குறை இருந்தும் இரண்டாம் பாகத்தை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்?

கேரினுக்காகத்தான்.

பல பயங்கரக் கதைகளில் கதாநாயகி தப்பியதும் "சுபம்" போட்டு விடுவார்கள். மறுநாள் காலையில் அவள் எப்படி எழுந்தாள், மூன்று வருடம் கழித்து எப்படித் தூங்கினாள் என்று யாரும் எழுதுவதில்லை. பிராண்ட்னர் எழுதினார். ஊர் எரிந்தது, பயம் எரியவில்லை. நல்ல கணவன் கிடைத்தான், வீடு கிடைத்தது, பிள்ளை கிடைத்தான். ஆனால் இருட்டினால் மனம் நடுங்குகிறது.

அவள் வெளியே என்னவென்று சொல்வாள்? ஓநாயாக மாறிய முன்னாள் கணவன் தேடி வருகிறான் என்று சொன்னால் எந்த மருத்துவர் நம்புவார்? எந்தக் கணவன் நம்புவான்? பழைய அதிர்ச்சி, நரம்புத் தளர்ச்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால் கதையில் அவள் பயந்ததுதான் சரி. ஆபத்து வாசலுக்கே வந்து விட்டது.

இந்த இடத்தில்தான் கதை மனதைத் தொடுகிறது. ஓநாயை விட, தன் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள் என்ற நிலைமைதான் பயங்கரம்.

முடிவு என்ன?

செத்த ஓநாய் திரும்பி வரலாம். ஆனால் அது தனியாக வரக்கூடாது. முதல் கதை சொல்லாத ஒன்றையும் கூடவே கொண்டு வர வேண்டும்.

இரண்டாம் பாகம் பாதி அளவில் அதைச் செய்தது. கேரினின் மனதைக் காட்டும் வரையில் அது புதுக் கதை. துரத்தலும் ஓட்டமும் தொடங்கியதும் பழைய கதை. 1985-ல் வந்த மூன்றாம் நாவலில் ஆசிரியரே வழியை மாற்றிக் கொண்டார். டிராகோவில் தப்பிய ஒரு சிறுவனை நடுநாயகம் ஆக்கினார். ஓநாய் இரத்தம் உள்ள பிள்ளை என்ன பாடுபடுவான் என்று காட்டினார். அது புதுக் கேள்வி.

மனித ஓநாய் உலகில் இல்லை. வெள்ளிக் குண்டும் வேண்டாம். ஆனால் பெரிய ஆபத்திலிருந்து தப்பி, வருடம் பல ஆன பிறகும் இருட்டைக் கண்டு நடுங்கும் பெண்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். "அதுதான் முடிந்து போயிற்றே, இன்னும் என்ன பயம்?" என்று வீட்டில் உள்ளவர்கள் அதட்டுகிறார்கள்.

அப்படி அதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேட்பது நல்லது. அந்த ஒரு புத்தியைச் சொன்னதற்காக, கேரினின் இரண்டாவது கதையை மன்னித்து விடலாம்.