வட்டத்தொட்டிக்கு ஓர் இதழ்: ரசிகர் குழாமும் சிற்றிதழ் மீட்டுருவாக்கமும்

தமிழ்ச் சிற்றிதழ் வரலாறு பெரும்பாலும் இதழின் பெயர், ஆசிரியர், தொடங்கிய ஆண்டு, நின்ற ஆண்டு என்னும் நிரலாகவே எழுதப்பட்டு வருகிறது. இதழுக்கு முன்பே கூடிய குழாம்களும் இதழே இன்றிக் கூடிய குழாம்களும் இந்நிரலில் இடம்பெறுவதில்லை. இவ்விடுபாடு எத்தகைய இழப்பு என்பதை உணர்த்தும் சான்று தென்காசி வட்டாரத்திலேயே உள்ளது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் (1882-1954) வட்டத்தொட்டியே அச்சான்று.

1920களில் திருநெல்வேலியில் டி.கே.சி.யின் இல்லத்துத் தொட்டியில் நண்பர்கள் வட்டமாக அமர்ந்து கவிதை கேட்டதால் அக்கூட்டம் இப்பெயர் பெற்றது. அவர் குற்றாலத்தில் குடியேறியபின் வட்டத்தொட்டியும் அவருடன் பெயர்ந்தது. ராஜாஜி, கல்கி முதலியோர் அங்கு வந்து உரையாடினர். பாடலை வாய்விட்டுச் சொல்வதும், நிறுத்துவதும், மீண்டும் சொல்வதும் அங்கு நிகழ்ந்த திறனாய்வின் முறை. ஆயினும் அவ்வுரையாடல் தனக்கென ஓர் இதழைப் படைத்துக்கொள்ளவில்லை. எஞ்சியவை கட்டுரைகள், கடிதங்கள், பங்கேற்றோரின் நினைவுக் குறிப்புகள் ஆகியனவே.

இதன் விளைவு பாடத்திறனாய்வுத் துறையில் வெளிப்படையாகத் தெரிகிறது. ‘கம்பர் தரும் ராமாயணம்’ பதிப்பில் டி.கே.சி. பல பாடல்களை இடைச்செருகல் என விலக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். சுவடி ஆதாரத்தினும் ஓசையையும் உணர்ச்சியையும் முதன்மையாகக் கொண்ட அம்முறையைப் பதிப்பறிஞர் பலர் ஏற்கவில்லை. அம்மறுப்புக்கு வலுவான காரணம் உண்டு. ஆனால், ஒரு பாடலை விலக்குமுன் தொட்டியில் எழுந்த வினா எது, எவர் மறுத்தார், எவ்விடை கொடுக்கப்பட்டது என்பனவற்றைத் தொடர்ச்சியாகக் காட்டும் பதிவு இல்லை. முடிவு அச்சில் உள்ளது. முடிவை நோக்கிச் சென்ற வழி செவியோடு போயிற்று. எனவே அவரைப் போற்றுவோரும் மறுப்போரும் முடிவை மட்டுமே வைத்து வழக்காட வேண்டியுள்ளது.

இத்தகைய வழியைப் பதிவு செய்வதற்கென உலகின் பிற பகுதிகளில் உருவான வடிவமே ரசிகர் இதழ். ‘ஃபேன்சைன்’ என்னும் பெயர் 1940இல் அமெரிக்க அறிவியல் புனைகதை வாசகரிடையே தோன்றியது. 1986இல் லண்டனில் தொடங்கிய ‘பாய்ஸ் ஓன்’ நடன விடுதிப் பண்பாட்டை அதனுள் வாழ்ந்தவர்களின் மொழியிலேயே எழுதியது. கம்பனுக்கும் நடன விடுதிக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டிடத்தும் உள்ள சிக்கல் ஒன்றே. கூடிய இரவு கலைந்தபின் எஞ்சுவது யாது? தொழில்முறை விமர்சகருக்காகக் காத்திராமல், கூட்டத்தில் இருந்தவரே எழுதி, அச்சிட்டு, கைமாற்றிக்கொள்வது அவ்விதழ்கள் கண்ட விடை. ‘ரசிகமணி’ என்ற பட்டத்தைச் சூடியவரின் அவைக்கு ரசிகர் இதழ் வாய்க்காதது வரலாற்றின் முரண்.

வட்டத்தொட்டியின் பெயரால் இன்று ஓர் இதழ் தொடங்கப்படுமாயின் அது எவ்வாறு அமைய வேண்டும்? தமிழில் இதழ்கள் மீண்ட முறை இங்கு வழிகாட்டும். 1933இல் அரசியல், சமூகம், இலக்கியம் என விரிந்த வார இதழாகத் தோன்றிய ‘மணிக்கொடி’, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மீண்டது. 1988இல் சுந்தர ராமசாமி தொடங்கிய ‘காலச்சுவடு’ இடையில் நின்று, 1994இல் கண்ணனின் முயற்சியில் வேறொரு விரிவுடன் வெளிவந்தது. இரண்டிலும் பெயர் தொடர்ந்தது. குழாமும் நோக்கும் புதியனவாயின. மீட்டுருவாக்கம் என்பது பழைய அட்டையை மீண்டும் அச்சிடுவதன்று என்பதே இவை தரும் பாடம்.

ஆகவே டி.கே.சி.யைப் புகழும் நினைவு மலர்கள் வட்டத்தொட்டியை மீட்கமாட்டா. ஒரு பாடல், அதன் பாட வேறுபாடுகள், அதனை வாய்விட்டுப் படித்தோர் கூறிய கருத்துகள், உடன்படாதோரின் மறுப்பு ஆகியவற்றைச் சுருக்கமின்றிப் பதியும் சிறு இதழே அதன் மரபுக்கு உரியது. குற்றாலத்தில் கலாப்ரியா முன்னின்று நடத்திய கவிதைப் பட்டறைகள், அவ்வூர் கூடிப் பேசும் இயல்பை இழக்கவில்லை என்பதற்குச் சான்று.

பதிவு செய்யத் தொடங்கினால் உரையாடலின் இயல்பு கெடும் என்பர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் பதிவில்லாத அவை, அழைக்கப்பட்டோருக்கு மட்டுமே உரியதாகிறது. தொட்டியில் அமர இடம் பெற்றோர் சிலரே. செங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ இருந்த ஓர் எளிய தமிழாசிரியர் அதற்குள் நுழைந்து மறுப்புரைக்க அச்சு ஒன்றே வாயிலாக இருந்திருக்கும். அவ்வாயிலைத் திறப்பதே இதழின் பணி. அருவிக்கரையில் நிகழ்ந்த பேச்சு அங்கிருந்தோருக்கு இன்பம் தந்தது. அங்கு இல்லாதோரும் வினவக் கூடியதாக அது மாறும்போதே ஆய்வுக்கு உரியதாகிறது.