ஈ 401 என்றொரு காடு

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஈ இலக்கங்களின் பட்டியல். உம்மா கடையிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் பொதியைத் திருப்பி, இலக்கங்களை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே வைப்பார். ஈ 471 என்றால் முகம் சுருங்கும். அது விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரக்கூடியது. போன நோன்புப் பெருநாளுக்கு வாப்பா வாங்கிவந்த ஐஸ்கிரீமில் ஈ 401 இருந்தது. "கடற்பாசிதான் மகள், பிரச்சினை இல்ல" என்று உம்மா மூடியைத் திறந்தார். நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

அந்தக் கேள்வியோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் என் குறை.

ஈ 401 என்பது சோடியம் அல்ஜினேற்று. ஐஸ்கிரீமில் பனிக்கட்டிகள் பெரிதாகாமல் மிருதுவாக வைத்திருக்கும் பொருள். கபிலநிற அல்காக்களிலிருந்து எடுக்கிறார்கள். உயிரியல் படிக்கும் தோழியர் லமினேரியா என்ற பெயரைப் பரீட்சைக்காக மனனம் செய்திருப்பீர்கள். கெல்ப் எனப்படும் பெரும் பாசிகளில் அதுவும் ஒன்று. ஜப்பானியர் கொம்பு என்று சொல்லி, உலர்த்தி, சூப்புக்கு ஊறவைக்கும் பாசி அதன் நெருங்கிய உறவு. 1908 இல் இக்கேதா கிக்குனாயே என்ற பேராசிரியர் கொம்புச் சாற்றில் கண்டறிந்த சுவைதான் பிறகு அஜினமோட்டோ என்று நம் சமையலறை வரை வந்தது.

பெயரை மனனம் செய்த எனக்கு, அது ஒரு காடு என்று தெரிந்திருக்கவில்லை. நோர்வேயின் கரையோரக் குளிர்கடலில் லமினேரியா ஹைப்பர்போரியா என்ற இனம் பாறைகளைப் பற்றிக்கொண்டு, இரண்டு மீற்றருக்கும் மேலான தண்டுகளோடு நெருக்கமாக நிற்கிறது. அதற்கு வேர் கிடையாது. வேர் போன்ற பற்றுறுப்பு பாறையைப் பிடித்திருக்கும், உணவை உறிஞ்சாது. சொரசொரப்பான தண்டில் சிவப்புப் பாசிகள் ஒட்டி வளர்கின்றன. அவற்றுக்குள் சிறு நத்தைகளும் இறால் போன்ற நுண்ணிய உயிர்களும். ஒரே தண்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தின்ன கொட் மீன் குஞ்சுகள் வரும். அந்தக் குஞ்சுகளைத் தேடி நீர்க்காகங்கள் மூழ்கும்.

அல்ஜினேற்றுக்காக அங்கே ஆண்டுதோறும் சுமார் 150,000 தொன் பாசி அறுவடையாகிறது. படகின் பின்னால் பெரிய வாரி போன்ற கருவியை இழுத்து, பாறையிலிருந்து பற்றுறுப்போடு பிடுங்கி எடுக்கிறார்கள். கண்மூடித்தனமாக அல்ல, கடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் விட்டுத்தான் திரும்ப எடுக்கிறார்கள். விட்டுப்போன இளம் பாசிகள் சில ஆண்டுகளில் உயர்ந்து விடுகின்றன. நல்ல ஒழுங்குதான். ஆனால் அந்த ஒழுங்கு பாசியின் உயரத்தை வைத்துப் போடப்பட்டது. தண்டில் குடியிருந்தவை முழுமையாகத் திரும்ப அதைவிடக் கூடுதல் காலம் எடுக்கிறது. வீடு கட்டி முடிந்து, ஆட்கள் குடிவருவதற்குள் மறுபடி இடிக்கிறோம்.

இதை வீட்டில் சொன்னபோது மாமா சிரித்தார். "நோர்வேக் கடலுக்கும் உனக்கும் என்ன மகள்? அப்ப ஐஸ்கிரீமே சாப்பிடாதே." சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீனாவிலும் கொரியாவிலும் கெல்ப்பைக் கடலில் கயிறு கட்டி வளர்க்கிறார்கள். அதற்காக இயற்கையான கடற்காட்டைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் எனது ஐஸ்கிரீமில் இருந்தது கயிற்றில் வளர்ந்ததா, பாறையிலிருந்து பிடுங்கியதா? பொதியில் இல்லை. கேட்பவரும் இல்லை. நம் பெற்றோர் இலக்கத்துக்கு இலக்கம் கேட்டதால்தான் இன்று எத்தனையோ பொதிகளில் ஹலால் முத்திரை இருக்கிறது. பொதியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும்.

உம்மாவின் தாளில் நான் பென்சிலால் ஒரு நிரலை அதிகமாகக் கீறியிருக்கிறேன்: 'எங்கிருந்து?' உம்மா திட்டவில்லை. ஈ 407 இற்கு நேரே எழுத வேண்டியதைத் தேடிப் போனால், அந்தப் பொருளைத் தரும் சிவப்புப் பாசியை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கரைகளில் நம்மவர்களே வளர்க்கிறார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப நோர்வே வரை போக வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் மன்னாருக்குக் கூட்டிப் போகும்படி வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.