தண்டவாளத்தை விட்டு ஓடும் ரெயில்!

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்கு மின்சார ரெயில் போகிறது. அது தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. ஆனால், அதை வானத்தில் இருந்து ராடார் படம் எடுத்தால், ரெயில் தண்டவாளத்தில் இருக்காது! அரை கிலோ மீட்டர் தள்ளி, வீட்டுக் கூரைகளின் மேல் ஓடுவது போலத் தெரியும்!

இது மாயம் அல்ல, விஞ்ஞானம்.

ராடார் ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலை பொருள்களின் மேல் பட்டுத் திரும்பி வரும். அந்த எதிரொலியைக் கொண்டு ராடார் படம் வரையும். மேகமும் இருட்டும் அதற்குத் தடை அல்ல.

இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த "நிசார்" அப்படிப்பட்ட செயற்கைக் கோள். 2025-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அது ஏவப்பட்டது. அது பறக்கும் உயரம் சுமார் 747 கிலோ மீட்டர்.

அவ்வளவு உயரத்தில் இருந்து தெளிவாகப் படம் எடுக்க, பல கிலோ மீட்டர் நீளமான ஆன்டெனா வேண்டும். அதற்கு எங்கே போவது? விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். செயற்கைக் கோள் பறந்துகொண்டே, பல இடங்களில் இருந்து எதிரொலியைக் கேட்கிறது. அவற்றை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்க்கிறது. சிறிய ஆன்டெனா பெரிய ஆன்டெனாவின் வேலையைச் செய்து விடுகிறது! இதற்கு "செயற்கைத் துளை ராடார்" என்று பெயர்.

கேட்டு முடிக்கும் வரை தரையில் உள்ளவை அசையாமல் இருக்க வேண்டும். கோவில் கோபுரம் அசையாது. ஏரிக்கரை அசையாது. ஓடுகிற ரெயில் நிற்குமா?

ஏமாறும் ராடார்

பிளாட்பாரத்தில் நிற்கிறீர்கள். நிற்காத ரெயில் ஒன்று ஊதிக்கொண்டே வருகிறது. வரும்போது அதன் ஒலி உச்சமாகக் கேட்கும். தாண்டிப் போனதும் சுருதி இறங்கி விடும். இதன் காரணத்தை 1842-ல் ஆஸ்திரிய விஞ்ஞானி டாப்ளர் சொன்னார். 1845-ல் நெதர்லாந்து நாட்டில், ஓடும் ரெயிலில் ஊதுகுழல் வாசிக்கச் சொல்லி, அது உண்மை என்று கண்டார்கள்.

ரேடியோ அலைக்கும் இதே விதிதான். ராடாருக்கு முன்னே உள்ள பொருளின் எதிரொலி, சுருதி ஏறி வரும். பின்னே உள்ளதன் எதிரொலி இறங்கி வரும். இதை வைத்தே ராடார் இடத்தைக் குறிக்கிறது. ஆனால் ரெயில் ராடாரை நெருங்கி ஓடினாலும் சுருதி ஏறும் அல்லவா? ராடார் ஏமாந்து, ரெயிலை முன்னே தள்ளி வரைந்து விடுகிறது.

எவ்வளவு தள்ளி? ராடாருக்கும் ரெயிலுக்கும் 750 கிலோ மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக் கோள் வினாடிக்கு 7½ கிலோ மீட்டர் போகிறது. ரெயில் ராடாரை வினாடிக்கு 1 மீட்டர் நெருங்கினால், படத்தில் 100 மீட்டர் விலகும். 5 மீட்டர் நெருங்கினால் அரை கிலோ மீட்டர் விலகும்!

தவறே அளவுகோல்

விஞ்ஞானிகள் இந்தத் தவறைக் குப்பையில் போடவில்லை. தண்டவாளம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும். படத்தில் ரெயில் எவ்வளவு விலகி இருக்கிறது என்று அளந்தால், அதன் வேகம் தெரிந்து விடும்! கடலிலும் அப்படித்தான். படத்தில் படகு ஓர் இடத்தில் இருக்கும். அது கிழித்த நீர்த்தடம் வேறு இடத்தில் இருக்கும். இடைவெளியே வேகத்தைச் சொல்லி விடும்.

ராடார் தன் தவறைத் தெரிந்து திருத்திக்கொள்கிறது. நம் கண்?

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர்... இந்தப் பாதையில் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்போர் எத்தனை பேர்! "ரெயில் தூரத்தில்தானே வருகிறது" என்று இறங்குகிறார்கள். பெரிய பொருள் நேராக நம்மை நோக்கி வரும்போது, மெதுவாக வருவது போலவே கண்ணுக்குத் தோன்றும். கிட்டே வந்த பிறகுதான் வேகம் தெரியும். அப்போது நேரம் இருக்காது.

மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகம் என்றால், வினாடிக்கு 20 மீட்டர். இரண்டு பாதைகளைக் கடக்க உங்களுக்கு 8 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ரெயில் 160 மீட்டர் வந்து விடும்! கையில் குழந்தையோ, தலையில் சுமையோ இருந்தால் இன்னும் ஆபத்து.

செயற்கைக் கோள் நம்மை எச்சரிக்க வராது. நிசார் அதே பாதைக்குத் திரும்பி வரவே 12 நாள் ஆகும். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த கருவியே ஒரு பார்வையில் ஏமாறுகிறது. வெறும் கண்ணை நம்பி உயிரைப் பணயம் வைக்கலாமா?

மேம்பாலத்தில் ஏறிப் போங்கள். சுரங்கப்பாதை இருந்தால் அதில் போங்கள். வீட்டுக்குப் போக ஐந்து நிமிடம் தாமதம் ஆகலாம். ஆகட்டுமே! பிள்ளைகள் ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள்.